சேஃப்டி சாரின் சைலன்ஸர்

ஒரு மனிதர் பாதுகாப்பாகப் போய்ச் சேருவதென்றால் எப்படியோ, அப்படித்தான் அவர் போனார். ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை. நான்கு கால்களும் தரையில் சமமாகப் படிந்த பிளாஸ்டிக் நாற்காலி. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். சாப்பிட்டு முடித்து, செய்தித்தாளைப் பிரித்து, டீக்குக் குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், டீ வந்தபோது இல்லை. வழுக்கவில்லை. விழவில்லை. எதிலும் சிக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இதயத்துக்கு மாட்டும் கவசம் எதுவும் அவருடைய விதிகளில் இல்லை.

பெரிய பால் பண்ணை ஒன்றில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். வரிசையாக மாட்டுக் கொட்டகைகள், அவற்றைச் சுற்றித் தீவனப்புல் வயல், புல்லை நறுக்கும் கட்டர் இயந்திரம், தானியம் கொட்டிவைக்கும் இரும்புக் கோபுரம், எல்லாவற்றுக்கும் கோடியில் மூடி போட்ட சாணத் தொட்டி. காலையில் உள்ளே வந்தவர்கள் மாலையில் அதே கைகால்களோடு வெளியே போக வேண்டும். அதுதான் அவர் வேலை. அதை ஒழுங்காகச் செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத இடத்தில் இந்த ஆளுக்கு என்ன வேலை என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டார்.

எல்லோருக்கும் அவர் சேஃப்டி சார். முதுகுக்குப் பின்னால் வெறும் சேஃப்டி. "சேஃப்டி வருது" என்பார்கள், மழை வருது என்பதைப்போல.

அவர் யாரையும் திட்டியதில்லை. சம்பளத்தில் கைவைத்ததில்லை. விளக்குவார். அவ்வளவுதான். முகக்கவசம் இல்லாமல் வயலில் பூச்சிமருந்து அடித்த ஒருவனைப் பிடித்து, நிழலில் உட்காரவைத்து, நுரையீரல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். அடித்த மருந்தின் வீரியம் குறைந்துவிட்டது, விளக்கத்தின் வீரியம் குறையவில்லை என்று அவன் பிறகு சொல்லித் திரிந்தான். எந்தப் பண்ணையில், எந்த இயந்திரத்தில், எவனுடைய எந்த விரல், எந்தக் கணுவில் போனது என்று அவருக்குத் தெரியும். அதைச் சாப்பாட்டு வேளையில் சொல்வார். அந்த விளக்கத்துக்குப் பயந்துதான் பண்ணையில் ஆட்கள் கவசம் மாட்டினார்கள். உயிருக்குப் பயந்து மாட்டியதாகத் தெரியவில்லை.

வீட்டில் ஆள் வேறு. பல்ப் மாற்ற வேண்டுமென்றால் மேசை, மேசைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் அவர், அதுவும் நுனிக்காலில்.

"பண்ணையில ஒருத்தன் இப்படி ஏறினா விட்டுருவீங்களா?" என்று கேட்பாள் மனைவி.

"அது பண்ணை" என்பார், உச்சியிலிருந்து.

ஸ்டூலைப் பிடித்துக்கொள்வது மகளின் பொறுப்பு. ஒரே மகள். பிடித்துப் பிடித்தே வளர்ந்தாள் என்று சொல்லலாம். இல்லாவிட்டால் வேறு ஊரில், ஒரு தொழிற்சாலையில், இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு மூடிகள் வடிவமைக்கும் பொறியாளராகப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாள். ஒரே வேலை, இரண்டு வழிகள். அப்பா மனிதர்களைத் திருத்தினார். மகள் மனிதர்களை நம்பவில்லை, இயந்திரத்தைத் திருத்தினாள். மூடி திறந்தால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். விளக்கம் தேவையில்லை.

ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது பண்ணையின் கட்டருக்கு அப்படி ஒரு சுவிட்சை, ஆட்கள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளே பொருத்திவிட்டுப் போனாள். அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் கேட்பாள்.

"அந்த சுவிட்ச் எப்படிப்பா இருக்கு?"

"பிரமாதமா இருக்கு."

வேறு எதையும் அவர் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் தாயும் மகளும் மட்டும் மிஞ்சிய பிறகு, அம்மா சொன்னாள்: "பைக்கை எடுத்துட்டு வந்துரு. அது மட்டும் அங்க அனாதையா நிக்குது."

பைக் பண்ணையில் இருந்தது. கடைசியாக அவர் வேலைக்குப் போன சனிக்கிழமை மாலை மழை. மழையில் இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது என்பது அவரே போட்ட விதி. வண்டியை டிராக்டர் ஷெட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். சாவி சட்டைப்பையில் இருந்தது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

"சாயங்காலம் ஆனா காது வாசலுக்குப் போயிடுது" என்றாள் அம்மா. "அந்த சத்தத்தை ஒருதரம் கேட்டாப் போதும்."

பழைய பைக். இரண்டு தெரு தாண்டி வரும்போதே வீட்டில் ஜன்னல் கண்ணாடி அதிரும். வயசான வண்டி, சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும் என்று மகள் நினைத்திருந்தாள். மாற்றச் சொல்லி எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். வண்டியைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், பிரித்துச் சுத்தம் செய்து, புது சைலன்ஸர் போட்டு, தானே ஓட்டுவது என்று இப்போது முடிவு செய்திருந்தாள். ஓட்டத் தெரியும். கல்லூரியில் தோழியின் வண்டியில் பழகியது. அப்பாவுக்குத் தெரியாது.

பண்ணை வாசலில் ஒரு பலகை. "விபத்தின்றி" என்று மேலே, "நாட்கள்" என்று கீழே, நடுவில் கொக்கிகளில் தொங்கும் எண் தகடுகள். தினமும் காலையில் தகட்டை மாற்றுவது அவர்தான். மற்ற தகடுகள் அவருடைய மேசை இழுப்பறையில், சாவியோ மகளின் பையில். அதனால் பலகை அவர் கடைசியாக வந்த சனிக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகான நாட்கள் விபத்தில்லாத நாட்கள்தானா என்று பலகைக்குத் தெரியாது.

மேலாளரின் அறையில் பினாயில் வாசனை. சுவரோரம் அப்பாவின் சின்ன மேசை. அதன் அடியில் அவருடைய தடித்த பூட்ஸ், ஜோடி கலையாமல். சாணத் தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை அப்பா வீட்டில்தான் வைத்திருந்தார்; அதையும் மேசைச் சாவிக் கொத்தையும் மேலாளரின் மேசையில் வைத்தாள். பூட்ஸின் பக்கம் பார்க்கவில்லை.

"உக்காருங்கம்மா. அவரை மாதிரி ஒரு ஆளு இனி கிடைக்கமாட்டாங்க" என்றார் மேலாளர். "என்ன சொல்றதுன்னே தெரியல. நல்லவேளை, லீவு நாளா போச்சு…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "அதாவது, வீட்டு ஆளுங்க பக்கத்துல இருக்கும்போதுன்னு சொல்ல வந்தேன்."

"புரியுது சார்."

உண்மையாகவே புரிந்தது. அதே மாரடைப்பு ஒருநாள் முன்னதாக, வேலிக்கு உள்ளே வந்திருந்தால், மேலிடத்துக்குப் பதில் எழுதியே இந்த மனிதருக்கு முடி நரைத்திருக்கும். அப்பாவுமே நல்லவேளை என்றுதான் சொல்லியிருப்பார்.

"அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்றார் மேலாளர். "அந்த பைக்கு."

"அதை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

"அதேதான். அதை இங்கேயே விட்டுட்டுப் போக முடியுமா?"

"எதுக்கு சார்?"

"அவர் ஞாபகமா இருக்கட்டுமேன்னுதான்."

இந்த மனிதரைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மகளுக்குத் தோன்றியது. "எங்க வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"வைக்கமாட்டோம்மா. ஓட்டுவோம்."

"யாரு?"

"யாராவது. காலையில ஒரு சுத்து, மத்தியானம் ஒரு சுத்து. புது ஆள் போடச் சொல்லி மேலிடத்துல கேட்டிருக்கேன். எதுவும் நடக்காத இடத்துக்கு எதுக்கு ஆளுன்னு கேக்கறாங்க. அதுவரைக்கும் அந்த பைக்காவது…" வாக்கியத்தை முடிக்கும் வழி தெரியாமல் அவர் ஜன்னலைப் பார்த்தார். "கட்டர் ஷெட்டுல போய்க் கேளுங்க. அக்கா சொல்லும்."

கட்டரில் புல் தள்ளும் அந்த அம்மாளைப் பண்ணையில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்களும்கூட. வாட்டசாட்டமான பெண். தலையில் துணி கட்டியிருந்தாள். முழுக்கைச் சட்டையின் வலது கை, முழங்கையிலிருந்து கீழே, வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருந்தது. முன்னால் நீளமான தகரத் தொட்டி. அதில் புல்லைப் போட்டால் இரண்டு உருளைகள் இழுத்துக்கொண்டு போய்க் கத்திக்குக் கொடுக்கும். உருளைகளின் வாயை மறைக்கக் கனமான இரும்பு மூடி. மூடி மேலே தூக்கிக் கிடந்தது. இயந்திரம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

ஓடக்கூடாது. மகள் குனிந்து பார்த்தாள். அவள் பொருத்திய சுவிட்ச் அப்படியேதான் இருந்தது. அதன் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி ஒரு கூந்தல் கிளிப்.

அக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். "சார் பொண்ணா? மூக்கைப் பார்த்தாலே தெரியுது."

"இது என்னக்கா?"

"கிளிப்பு."

"தெரியுது. இங்க என்ன பண்ணுது?"

"வேலை பண்ணுது. அது இல்லேன்னா மூடியைத் தூக்கினதும் மெஷின் நின்னுடும். புல்லு அடைச்சுக்கிட்டா எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் போடறது? எவனோ ஒரு புண்ணியவான் சுவிட்ச் வெச்சிட்டுப் போயிட்டான்."

"நான்தான் வெச்சேன்."

அக்கா அசரவில்லை. "நல்ல சுவிட்சும்மா. இவ்வளவு தண்ணி பட்டும் கெடலையே."

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம? முதல்ல போட்ட கிளிப்பு துருப்பிடிச்சிருந்துச்சு. துருப்பிடிக்காததா போடுக்கா, ஒடைஞ்சு புல்லோட போனா மாட்டு வயித்தைக் கிழிச்சுடும்னாரு. இதைப் பிடுங்கிட்டா என்ன பண்ணுவேன்னு கேட்டாரு. கட்டைய சொருகுவேன்னேன். கல்லை வைப்பேன்னேன். யோசிச்சாரு. சரி, கிளிப்பே இருக்கட்டும், ஆனா வண்டிச் சத்தம் கேட்டா மூடியை இறக்கிடணும், அது நமக்குள்ள பேச்சுன்னாரு. சுவிட்ச் வெச்ச ஆளுகிட்ட சொல்ல வேண்டாம், மனசு கஷ்டப்படும்னாரு."

பிரமாதமா இருக்கு. மகள் அந்தக் குரலை மறுபடி கேட்டாள். அவள் ஊருக்கு வரும் தேதியை எப்போதும் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுவாள். அவள் பண்ணைக்கு வந்து வெளியிலிருந்து எட்டிப் பார்த்த நாட்களில் இந்த மூடி ஒருபோதும் திறந்திருந்ததில்லை.

"சட்டைக்கு என்னாச்சு?"

"அவரு போனதுக்கு அப்புறம் ஆனது. சத்தம் இல்லையா, காலையில தூக்கின மூடி சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்குது. கைத்துணியை உருளை புடிச்சுருச்சு. பழைய துணி, கிழிஞ்சு போச்சு. புதுச்சட்டையா இருந்தா கையையும் சேர்த்து இழுத்திருக்கும்." அக்கா கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள், கடையில் துணி காட்டுவதுபோல. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு சிராய்ப்பு ஆறிக்கொண்டிருந்தது. "இல்லாதவளா இருக்கறதுல இப்படியும் ஒரு வசதி. மேனேஜர் பயந்துட்டாரு. அதான் வண்டிய கேக்கறாரு."

"மூடியை இறக்கி வெச்சா முடிஞ்சுது. அதுக்கு எதுக்குக்கா வண்டி?"

"இறக்கணும்னு எனக்கும்தான் தெரியுது. கைக்குத் தெரியலையே. கைக்கு அந்த சத்தம் வேணும்."

மகளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் விளக்கோ விளக்கென்று விளக்கிய மனிதரிடமிருந்து இவர்கள் கற்றுக்கொண்டது ஒரு இன்ஜின் சத்தத்தைத்தானா? வயலில் நிற்கும் பொம்மைக்குப் பழைய சட்டை மாட்டுவதுபோல அப்பாவின் வண்டியைக் காக்காய் விரட்டக் கேட்கிறார்கள். கொடுக்க முடியாது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்று முடிவுசெய்து, வண்டியை எடுக்க டிராக்டர் ஷெட்டுக்கு நடந்தாள்.

ஷெட் மேட்டில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பண்ணை மொத்தமும் தெரியும். டிராக்டர் மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்திருந்தார். பைக்கின் மேல் ஒரு சாக்கை விரித்து மூடியிருந்தார்கள். சாக்கை எடுத்தாள். கைப்பிடியில் அப்பாவின் ஹெல்மெட் தொங்கியது. கைப்பிடி ரப்பரில் அவருடைய பெருவிரல் தேய்த்த பள்ளம். அதைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் இருக்க, சாவியைப் போட்டு, உதைத்தாள். இரண்டு மூன்று உதைக்கு இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

தகர ஷெட்டுக்குள் அந்தச் சத்தம் இடிபோல உருண்டு, மேட்டிலிருந்து கீழே இறங்கிப் போனது. அது போன வழியெல்லாம் பண்ணை அசைந்தது.

முதலில் கட்டர் ஷெட்டிலிருந்து டங்கென்று மூடி விழும் ஓசை. வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர்களின் கழுத்தில் தொங்கிய முகக்கவசங்கள் ஒரே வரிசையில் மேலேறின. தானியக் கோபுரத்தின் உச்சியில் நின்றவன் குனிந்து இடுப்புக் கொக்கியைக் கம்பியில் மாட்டினான். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒருவன் சிகரெட்டைக் காலால் தேய்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான். கோடியில், சாணத் தொட்டியின் திறந்த வாயருகே குனிந்து நின்ற இருவரும் சட்டென்று பின்வாங்கினார்கள். ஒருவன் ஓடிப்போய் இடுப்பில் கட்டும் கயிற்றை எடுத்தான்.

எல்லாம் முடிந்த பிறகுதான், சார் இப்போது இல்லை என்பது அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக ஷெட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

டிராக்டரின் அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டினார். அவர் கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி ஏறியிருந்தது. "சாரே வந்துட்டாருன்னு நினைச்சுட்டேன் தங்கச்சி" என்றார்.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு, தொட்ட கை விலகியதும் மெல்ல விரியும் தொட்டாற்சுருங்கி இலைகளைப்போல, முகக்கவசங்கள் ஒவ்வொன்றாகக் கழுத்துக்கு இறங்கின. கட்டரின் மூடி திறந்துகொண்டது.

அப்பா பார்த்த பண்ணை இதுதான். போன இடமெல்லாம் கவசம், கொக்கி, கயிறு. ஒரு குறையும் இல்லாத பண்ணை. அவர் போகாத இடத்தில் இருந்த பண்ணையை அவர் பார்த்திருக்கவே முடியாது. இவ்வளவு நாளும் ஒரு நாடகத்தையா மேற்பார்வை பார்த்தார்? அது தெரியாமலேவா போனார்? வண்டியைக் கொண்டுபோவதா விடுவதா என்பதைவிட இந்தக் கேள்வி இப்போது பெரிதாக இருந்தது.

பதில் தேட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, இயந்திரத்தைப் பார்ப்பது. குனிந்து சைலன்ஸரைப் பார்த்தாள். துரு இல்லை. ஓட்டை இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. வால்முனையில் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே சத்தத்தை அடக்கும் குழாய் இல்லை. அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட் மட்டும் ஒழுங்காக, வாஷரோடு, இறுக்கிப் பூட்டியிருந்தது. இது தானாகக் கெட்டுப்போனதில்லை. யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள்.

"அண்ணா, இதைக் கழட்டினது யாரு?"

மெக்கானிக் எழுந்து வந்து கையைத் துடைத்தார். "நான்தான். ஆனா என்மேல பழியைப் போட்டுறாதீங்க. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். வெளிய ரோட்டுல போனா போலீஸ் பிடிக்கும் சார்னேன். பிடிக்கட்டும், அபராதம் கட்டிக்கறேன், கோடித் தொட்டி வரைக்கும் கேக்கணும்னாரு."

"ஏன்?"

"அக்கா விரலைப் பார்க்கலையா? இடது கையில, கடைசி விரல் கோணலா இருக்குமே." அவர் கீழே கட்டர் ஷெட்டைக் காட்டினார். "முன்ன ஒரு காலத்துல சாருக்கும் சந்தேகம் வந்துச்சு. வண்டி வந்தா மட்டும் எல்லாம் சரியா இருக்கே, வராதப்ப எப்படி இருக்குன்னு. ஒருநாள் வண்டிய வாசல்லயே விட்டுட்டு, பூனை மாதிரி நடந்தே வந்து கட்டர் ஷெட்டுக்குள்ள நுழைஞ்சாரு. அக்கா திரும்பிப் பார்த்துச்சு. பதறிப்போய் மூடியை அடிச்சு இறக்கிச்சு. விரல் மேலேயே."

மகள் சைலன்ஸரின் போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தாள்.

"அவரு வேலை பார்த்த காலத்துல இங்க நடந்த ஒரே பெரிய அடி அதுதாங்க. நடத்தினது அவருதான். அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரே வந்து வாசல் போர்டுல சைபர் மாட்டினாரு. விரல் நசுங்கினதுக்கெல்லாமா சார்னு அப்ப இருந்த மேனேஜர் கெஞ்சினாரு. கேக்கல. அப்புறம் என்கிட்ட வந்து இதைக் கழட்டச் சொன்னாரு. ஆளு திடீர்னு வந்து நிக்கறதைவிட ஆபத்தான மெஷின் இந்தப் பண்ணையில இல்லடான்னாரு. அன்னைக்கு மட்டும் அவரு எதையும் விளக்கல. அதனால எனக்குப் புரிஞ்சுது."

மகள் வண்டியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அப்பா பார்ப்பதற்காகச் சுற்றவில்லை. கேட்கப்படுவதற்காகச் சுற்றியிருக்கிறார். எவ்வளவு நேரம் சத்தம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் மூடி இறங்கியிருக்கும். எனவே சத்தத்தைக் கூட்டினார், சுற்றுகளைக் கூட்டினார். தன் கண்ணில் எதுவும் படக் கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்ட மேற்பார்வையாளர். வடிவமைப்பு என்று பார்த்தால் மட்டமானது. அவளுடைய தொழிற்சாலையில் யாராவது இதை வரைந்து கொண்டுவந்தால் அவளே கிழித்துப் போட்டிருப்பாள். ஆனால் அவளுடைய சுவிட்சில் கிளிப் இருந்தது. இதில் யாராலும் கிளிப் செருக முடியவில்லை.

அப்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா வீட்டுக்கு வரும்போது தெருமுனையில நின்னு ரெண்டு தரம் ஆக்ஸிலேட்டரை முறுக்குவாரே, அது எதுக்கு?"

"இப்ப எதுக்குடி அது?"

"சொல்லும்மா. கார்புரேட்டர் அடைப்புன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பா, மூக்கை உறிஞ்சுவதா என்று தெரியாத ஒரு ஓசை. "அடைப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் உனக்காகத்தான். படிக்கற காலத்துல நீ டிவி முன்னாடியே கிடப்பே. வண்டி சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறப்பே. ஒருநாள் அவரு பக்கத்து வீட்டுக்காரரோட நடந்து வந்துட்டாரு. கதவு திறந்ததும் நீ பதறி ஓடி, மேசை முனையில மோவாயை இடிச்சுக்கிட்டே. தையல் போட்டோமே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. தழும்பு இருக்கிறது. காரணம்தான் நினைவில் இல்லை.

"அன்னையிலேருந்து முனையில நின்னு முறுக்கிட்டுத்தான் வருவாரு. புள்ளைக்கு நேரம் குடுக்கணும், அவசரத்துலதான் அடி படும்பாரு. நீ படிக்காம இருந்து அவரு பார்த்ததே கிடையாது. எம்பொண்ணு எப்பப் பார்த்தாலும் படிக்குதுன்னு ஊரெல்லாம் வேற சொல்லிட்டுத் திரிவாரு."

கீழே கட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓசையிலிருந்தே மூடி திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அம்மா, வண்டிய இங்க கேக்கறாங்க. தினம் ஓட்டுவாங்களாம்."

"உனக்கு வேணும்னு சொன்னியே."

"ஆமா."

"அப்புறம்?"

"இங்க ஒரு அக்கா இருக்காங்க. கையை உருளைகிட்ட வெச்சுக்கிட்டு நிக்கறாங்க."

அம்மா யோசித்தாள். "விட்டுட்டு வா. இருந்த காலத்துலயும் பாதி ஆளு அங்கதான் இருந்தாரு. புதுசா என்ன?" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல், "ஒருதரம் முறுக்கிக் காட்டு, கேட்டுக்கறேன்" என்றாள்.

மகள் போனை சைலன்ஸருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். இரண்டு தரம் முறுக்கினாள். கீழே மறுபடியும் மூடி விழுந்தது, முகக்கவசங்கள் ஏறின. மாடுகள் மட்டும் தலை தூக்கவில்லை.

சாவியை மெக்கானிக்கிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவெல்லாம் இல்லை. சட்டென்று ஏறி உட்கார்ந்து, "ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன்" என்றார்.

"ஹெல்மெட்?"

"பண்ணைக்குள்ளதானேங்க. அது சாரோடது வேற. என் தலை பெருசு."

"அண்ணா, மண்டையோடுன்னா என்னன்னு தெரியுமா? அது ஒரே எலும்பு இல்ல. பல எலும்புங்க சேர்ந்து…"

அவர் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். வாரையும் போட்டுவிட்டார். "அந்த விளக்கத்தையும் அவரு உங்களுக்கு எழுதி வெச்சுட்டாரா" என்று உள்ளிருந்து அமுங்கிய குரல் கேட்டது.

போகும்போது கட்டர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பையிலிருந்த சின்னத் திருப்புளியால் சுவிட்சைக் கழற்றி, கீலுக்கு உட்புறமாக, கிளிப் எட்டாத இடத்தில் மாட்டிப் பூட்டினாள். அக்கா கைகட்டி நின்று மரியாதையோடு பார்த்தாள். கழற்றிய கிளிப்பை வாங்கித் தலையில் குத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்கும்மா. இதுக்கு வேற எதையாவதுதான் கண்டுபிடிக்கணும்."

"தெரியும்க்கா. எவ்வளவு நாள் ஆகும்?"

"நாளா?" என்றாள் அக்கா. கருணையோடுதான் சிரித்தாள்.

பஸ் நிறுத்தம் பண்ணை வாசலுக்கு எதிரே. பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ஸ்டூல்மேல் நுனிக்காலில் நின்று தார்ப்பாயின் முனையைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். மகள் சாலையின் விளிம்பில் நின்று போனில் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டும் இல்லாமல் வண்டியும் இல்லாமல் திரும்பிப் போக வேண்டும். கை சும்மா இருந்தது. அது ஒன்றுதான் தாங்கவில்லை.

அப்போது வேலிக்கு உள்ளே வண்டி கிளம்பிக் கிட்டத்தில் வந்தது.

டீக்கடைக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். இறங்கிய பிறகு, எதற்கு இறங்கினோம் என்பதுபோல ஸ்டூலைப் பார்த்தார். மகள் தன் கால்களைப் பார்த்தாள். அவை சாலையிலிருந்து பின்னால் வந்து, நிழற்குடையின் சுவரோரம் சேர்ந்து நின்றிருந்தன. போனும் கையில் இல்லை. பைக்குள் போய்விட்டிருந்தது, ஜிப்பும் மூடியிருந்தது.

சத்தம் அவளைத் தாண்டி, கொட்டகைகளைத் தாண்டி, கோடியிலிருக்கும் தொட்டி வரை போனது. அது திரும்பி வரும்வரை அவள் போனை வெளியே எடுக்கவில்லை.